கை காட்டும் ஜன்னல்

மேஸ்திரியின் தோளில் பஞ்சு விழுந்திருந்தது.

ஒட்டடை என்று நினைத்துத் தட்டினார். போகவில்லை, விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டிப் பார்த்தார். முப்பத்தொரு வருஷம் மூக்கிலும் காதிலும் நுரையீரலிலும் வாங்கிய சாமான், அது என்னவென்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தறி ஓடும்போது பாவு நூல் உரசி உதிர்கிற பஞ்சு. கஞ்சிப் பசை காயாமல் லேசாகப் பிசுபிசுத்தது. இளஞ்சூடாகக்கூட இருந்தது.

இந்த மாடியில் தறி ஓடிப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. இருநூற்றிருபது தறியையும் பிடுங்கி எடைக்குப் போட்டாயிற்று. அதன்பின் புறாக்கள் குடியிருந்தன. பிறகு ஆட்கள் வந்து புறாக்களை விரட்டி, குழாய் வைத்து மூன்று முறை கழுவி, வெள்ளையும் அடித்துவிட்டார்கள். ஒரு சிட்டிகைப் பஞ்சுக்கு இங்கே வேலை இல்லை.

"எங்கயாவது மெத்தை கிழிஞ்சிருக்கும்" என்று சொல்லிக்கொண்டு விரலைச் சுவரில் துடைத்தார். விடுதிக்கான மெத்தைகள் கீழ்த்தளத்தில் வந்து இறங்கியிருந்தது உண்மைதான். அவற்றின் பிளாஸ்டிக் உறையை இன்னும் யாரும் பிரிக்கவில்லை என்பதும் உண்மைதான்.

ஆலையை விடுதியாக மாற்றிக்கொண்டிருந்தவர் முதல் முதலாளியின் கொள்ளுப்பேரன். வயது நாற்பத்தாறு. இன்னமும் எல்லாருக்கும் அவர் சின்னவர்தான்; சாகும்வரை சின்னவராகவே இருக்கக் கொடுத்துவைத்த பிறவி. ஆலை ஓடிய காலத்தில் அவர் அதன் வாசலை மிதித்தது விரல்விட்டு எண்ணுகிற தடவை. மூடிய பிறகு திடீரென்று பாசம் பொங்கிவிட்டது. வரலாறு, வரலாறு என்று உருகினார். இந்தப் பாசம் யாருக்கு வரும் என்பதை மேஸ்திரி கவனித்திருக்கிறார். பாட்டன் உட்கார்ந்து சாப்பிட்டவனுக்கு வரும். பாட்டன் நின்றுகொண்டே வேலை செய்தவனுக்கு முட்டிவலிதான் வரும்.

மாடிச் சுவரில் எட்டுப் பலகைகள் மாட்டியிருந்தார்கள். கண்ணாடி போட்டு, மேலே விளக்கு வைத்து. மேஸ்திரி தலை நரைக்கத் தொடங்கிய பிறகு எழுத்துக் கற்றவர். ஒவ்வொன்றையும் எழுத்துக் கூட்டித்தான் படித்தார். பொய்யை எழுத்துக் கூட்டிப் படிப்பது பெரிய பாடு. வேகமாகப் படிக்கிறவனுக்கு அது வழுக்கிக்கொண்டு போய்விடும். கூட்டிப் படிக்கிறவனுக்கு ஒவ்வொரு எழுத்தாகத் தொண்டையில் நிற்கும். முதல் பலகையின் தலைப்பு 'ஆற்றங்கரையில் ஒரு கனவு'. கனவு கண்டவரின் படம் இருந்தது. ஆற்றை மறித்து, ஆலைக்கு அடியில் கல் வைத்து வாய்க்கால் கட்டி, அந்தத் தண்ணீரால் சக்கரம் சுற்றவைத்தவர்களின் படம் இல்லை. நாலாவது பலகையில் 'நாங்கள் ஒரே குடும்பம்' என்று நானூறு பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் முதலாளி மட்டும் நாற்காலியில். நல்ல குடும்பம். ஒண்ணுக்குப் போனால் கடிகாரம் பார்க்கிற குடும்பம்.

ஏழாவது பலகையை மட்டும் அவர் நிற்காமல் தாண்டிப் போவார். அதில் அந்த அடிவாய்க்காலைப் பற்றி எழுதியிருந்தது. 'குடிபோதையிலிருந்த மதகுக்காரர் ஒருவரின் கவனக்குறைவால் நால்வர் உயிரிழந்த ஒரு துயர நாளைத் தவிர, நூறாண்டுக் காலம் தடையின்றி ஓடிய நீர்.' நாலு பேரை ஒரு 'தவிர'வில் முடித்துவிட்டார்கள். பலகைகளுக்கு வரலாறு எழுதிய அம்மாள் ரெக்கார்டரை நீட்டியபோது அப்படிச் சொன்னவர் மேஸ்திரிதான்.

இன்றைக்கு அந்த அடிவாய்க்காலைச் சுத்தம் செய்கிறார்கள். திறப்பு விழா அன்று பழைய நீர்ச்சக்கரம் சுற்ற வேண்டுமாம், அதில் ஒரு விளக்கு எரிய வேண்டுமாம். பத்தொன்பது வருஷத்துச் சேற்றையும் வேரையும் அள்ள ஒப்பந்தத்தில் வந்த மூன்று பேரில் ஒருவன் மேஸ்திரியின் மகன்.

காலை பத்து மணிக்குச் சின்னவர் எல்லாரையும் மாடிக்குக் கூட்டிவந்து, படிக்கட்டிலிருந்து மூன்றாவதாக இருந்த ஜன்னலைக் காட்டினார்.

"மேஸ்திரி, அந்தக் காலத்துல எப்படிப் பண்ணீங்களோ, அதே மாதிரி பண்ணுவோம். நீங்க இங்க நின்னு கை காட்டுங்க. மதகுல இருக்கறவர் அதப் பாத்துத் திறக்கட்டும். நான் மதகுப் பக்கம் நின்னு வீடியோ எடுத்துக்கறேன்."

"போன்ல சொல்லிடலாமே சார்."

"மதகுகிட்ட தண்ணி இரைச்சல்ல ஒண்ணும் கேக்காது. அப்படியே கேட்டாலும், ரெண்டு பேர் போன் பேசறத யார் பாப்பாங்க?"

யாரும் பார்க்க மாட்டார்கள்தான். மூன்று பேர் இடுப்பளவு சேற்றில் நிற்பதையும் யாரும் பார்க்க மாட்டார்கள். கிழவன் ஒருவன் ஜன்னலில் நின்று கையை ஆட்டினால் லட்சம் பேர் பார்ப்பார்கள்.

"வேற யாரையாவது நிக்க வைங்க சார். எனக்குக் கை வலி."

இடுப்பில் கயிறும் தலையில் விளக்குத் தொப்பியுமாக நின்ற மகன் சிரித்தான். "வீட்ல தண்ணி வாளியத் தூக்கச் சொன்னாலும் இதேதான் சார் சொல்லுவாரு. கையத் தூக்கற வேலைன்னாலே அவருக்கு ஆகாது."

"வாய மூடுடா. சேத்துல இறங்கறதுக்கா உன்னப் படிக்க வச்சேன்?"

"மேல நின்னு கை காட்டற வேலைக்குத்தான் மனுப் போட்டேன். அதுக்கு ஆள் எடுத்துட்டாங்களாம்."

எல்லாரும் சிரித்தார்கள். மகன் மட்டும் கிட்டே வந்து, அவர் மிஷின் மாட்டியிருந்த காதுப் பக்கமாகக் குனிந்தான். "அப்பா, வேலை முடிஞ்சதும் நானே படியேறி வந்து உங்க தோளத் தொடுறேன். தொட்டப்புறம் தூக்குங்க. அதுக்கு முன்னாடி மூக்கு அரிச்சாக்கூடத் தூக்காதீங்க. சரியா?"

முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பான். அதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அந்தப் பதிலை முப்பத்து மூன்று வருஷமாக அவர் யாரிடமும் சொன்னதில்லை.

"சரி போ" என்றார்.

ஆறு வளைகிற இடத்தில் ஆலையும் சேர்ந்து வளைந்திருந்தது. மாடியில் மொத்தம் இருபத்திரண்டு ஜன்னல்கள். மூன்றாவதில் நின்று கம்பிக்குள் முகத்தை ஒட்டி வைத்துப் பார்த்தால், அரிவாள் வளைந்தாற்போல மற்ற ஜன்னல்களெல்லாம் வரிசையாகத் தெரியும். கடைசி ஜன்னலுக்கும் அப்பால், கரையில் மதகு. மதகைத் திறந்தால் தண்ணீர் இருபத்திரண்டாவது ஜன்னலுக்கு அடியில் நுழைந்து, வாய்க்கால் வழியே வளைந்து வந்து, மூன்றாவது ஜன்னலுக்கு நேர் கீழே இருக்கும் சக்கரக் குழியில் விழும். குழியில்தான் மகன் இருந்தான்.

மதகுச் சக்கரத்தின் பக்கத்தில் விடுதிக் காவலாளியை ஸ்டூல் போட்டு உட்காரவைத்திருந்தார்கள். சொன்னதைச் செய்கிற ஆள். சொல்லாததைச் செய்யச் சம்பளம் கிடையாது என்று தெளிவாகத் தெரிந்த ஆள். இரண்டு உள்ளங்கையும் மேலே போனால் திற. மூடிய கை தலைக்கு மேல் வந்தால் பொறு. சின்னவர் அவருக்கு இதை நாலு தடவை சொல்லிக்கொடுத்தார், தானே கண்டுபிடித்த வித்தை மாதிரி.

தறிக்கூடத்து வித்தை அது. இருநூறு தறி ஓடுகிற கூடத்தில் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. அதனால் எல்லாமே கைதான். ஆள்காட்டி விரலைக் காற்றில் சுழற்றினால் 'ஓட்டலாமா?' இரண்டு உள்ளங்கையும் தூக்கினால் 'ஓட்டு.' பஞ்சுப் புகையில் கோடிக்குக் கோடி தெரியாது என்பதால், பார்த்தவர் அதையே திருப்பிக் காட்டுவார்; அவரைப் பார்த்து அடுத்தவர்; அப்படி ஆளாளுக்கு மாறிப் போகும். சம்பந்தப்பட்ட தறி ஓடத் தொடங்கும்வரை தூக்கிய கையை இறக்கக் கூடாது. ஓடியதும் ஒவ்வொருவராக இறக்குவார்கள். கேட்டால் பதில் காட்டியே ஆக வேண்டும். யோசித்துக் காட்டுகிற பதில் கிடையாது. கொட்டாவி மாதிரி, கை தானாகப் போகும்.

தானாகத்தான் போயிற்று, அன்றைக்கும்.

அப்போது அவர் மேஸ்திரி இல்லை, வெறும் நெசவாளி. வாய்க்கால் கழுவுகிற நாளில் ஆலை வாங்கிய கரண்டில் ஓடும். தண்ணீருக்கு மட்டும்தான் விடுமுறை. கழுவி முடிந்ததும் மதகுக்காரருக்குக் கை காட்ட, இதே ஜன்னலில் மதகைப் பார்த்தபடி நின்றார். கீழே குழியில் நாலு பேர். பின்னால் அறுபதாம் தறியில் அறுந்த நூலைச் சேர்த்து முடித்த அக்கா, அப்போதைய மேஸ்திரி இல்லாத நேரத்தில் யாரிடம் கேட்பதென்று தெரியாமல், அவரைப் பார்த்து விரலைச் சுழற்றினாள். திரும்பிப் பார்த்தார். ஓட்டலாமா? இரண்டு கையையும் தூக்கினார். ஓட்டு. அவள் ஓட்டினாள். மதகுக்காரரும் ஜன்னலில் தூக்கிய கையைப் பார்த்தார்.

அவ்வளவுதான் நடந்தது. ஒரு கொட்டாவி நேரம்.

விசாரணையில், கை காட்டவே இல்லை என்றார். வீட்டில் பிறந்து பத்தொன்பது நாளான பிள்ளை. மதகுக்காரர் குடித்திருப்பார் என்று மானேஜரே எடுத்துக்கொடுத்தார், அதற்கும் தலையாட்டினார். அந்த மனுஷர் அதுவரை சாராயத்தை மோந்துகூடப் பார்த்ததில்லை. ஊரே குடிகாரன் என்று சொன்ன பிறகுதான் தொடங்கினார், நாலு வருஷத்தில் ஆயுசோடு முடித்தும் விட்டார். இவரை அடுத்த மாதமே மேஸ்திரியாக்கினார்கள். அறுபதாம் தறி அக்கா மட்டும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஆலை மூடும்வரை அவரிடம் ஒரு தடவைகூடக் கையால் கேட்டதில்லை. தறியை நிறுத்திவிட்டு, கூடம் முழுக்கப் பார்க்க நடந்து வந்து, அவர் காதில் வாயை வைத்துக் கேட்பாள். "ஓட்டலாமா?" பதினாலு வருஷம். அவள் செத்தபோது அவர் போகவில்லை. நிம்மதியாகத் தூங்கினார். அதற்கும் ஒரு மனசு வேண்டும்.

மணி பதினொன்று ஆனது. வெயில் கூரைக் கண்ணாடி வழியாக வரிவரியாக விழுந்தது. காலி மாடி, வெள்ளைச் சுவர், பளபளக்கும் தரை. பயப்பட எதுவும் இல்லாத இடம். கீழே குழியிலிருந்து மண்வெட்டிச் சத்தமும் பேச்சும் ஜன்னல் வழியாக ஏறி வந்தன.

"உங்கப்பா என்னடா சிலை மாதிரி நிக்கிறாரு?"

"கூலியில்லாத சிலை. ஏப்பா, இன்னும் கால் மணி நேரம்தான். தூங்கிடாதீங்க."

"நீ வேலையப் பாரு" என்றார் கம்பி வழியாக. குரல் சரியாகத்தான் வந்தது.

அப்போதுதான் வாசனை வந்தது. முதலில் எண்ணெய். பிறகு சூடான இரும்பு, வேர்வை, புளித்த கஞ்சி. இந்த நான்கும் எந்த அளவில் கலந்தால் இரண்டாம் ஷிப்ட் என்று அவர் மூக்குக்குத் தெரியும். ஜன்னல் கம்பியில் முகத்தை ஒட்டி ஆற்றுக் காற்றை இழுத்தார். வாசனை பின்னாலிருந்து வந்துகொண்டே இருந்தது.

செருப்புக்கு அடியில் தரை அதிர்ந்தது.

கீழே ஏதாவது மோட்டார் போட்டிருப்பார்கள். சின்னவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மோட்டார் என்றால் உயிர். உள்ளங்காலில் ஏறிய அதிர்வு முட்டிக்கு வந்தது, முட்டியிலிருந்து பல்லுக்கு வந்தது, அதற்கு ஒரு தாளம் இருந்தது, வலது பக்கம் ஓர் அடி, இடது பக்கம் ஓர் அடி, ஊடு நூலைச் சுமக்கிற நாடாக் கட்டை ஓடிப்போய் முட்டித் திரும்புகிற அடி, ஒன்று, பத்து, நூறு, ஒன்றின்மேல் ஒன்று ஏறி, கடைசியில் மழை கொட்டுவது போல ஒரே இரைச்சலாகிவிட்டது. காது மிஷின் பழுதாகியிருக்க வேண்டும். பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டார்.

மகனின் பேச்சு நின்றது. மண்வெட்டி நின்றது. ஆறு நின்றது.

தறி நிற்கவில்லை.

திரும்பக் கூடாது என்று முடிவு செய்தார். அது ஒன்றைத்தான் அன்றைக்கு அவர் செய்திருக்க வேண்டும், இன்றைக்காவது செய்வார். கம்பியைப் பிடித்துக்கொண்டு மதகையே பார்த்தார். காவலாளி ஸ்டூலில் உட்கார்ந்து இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சின்னவர் பக்கத்தில் போனைத் தூக்கிப் பிடித்து, கை வலிக்க வலிக்கக் காத்திருந்தார். அவர் வாழ்க்கையில் செய்த அதிகபட்ச உடலுழைப்பு.

ஜன்னல் கதவு உள்பக்கமாகத் திறந்திருந்தது. புதுக் கண்ணாடி. அதில் மாடியின் உட்புறம் தெரிந்தது. பார்க்கவில்லை. ஓரக்கண்ணில் பட்டதற்கு அவர் என்ன செய்வார். கண்ணாடியில் மாடி வெள்ளையாக இல்லை. மங்கலாக, புகை பிடித்தாற்போல, இடுப்பளவு உயரத்தில் கறுப்பாக வரிசைகள். வரிசைக்கு நடுவில் ஒரு கை மட்டும் மேலே வந்தது. மணிக்கட்டு. நீளமான ஆள்காட்டி விரல்.

சுழன்றது.

ஓட்டலாமா?

கம்பியை இறுக்கிப் பிடித்தார். பதினாலு வருஷம் கையால் கேட்காதவள். விரல் நிற்காமல் சுழன்றது. பொறுமையாக. பதில் வரும்வரை சுழற்ற வேண்டியது முறை. அவளுக்கு அந்தப் பக்கம் இன்னொரு விரல். அதற்கும் பின்னால் இன்னொன்று. வரிசை வரிசையாக.

பொறு என்று காட்டலாம். அது சரியான பதில். அது யாரையும் கொல்லாது. வலது கையை மூடினார். தலைக்கு மேல் கொண்டுபோனார்.

அப்போது யாரோ தோளைத் தொட்டார்கள்.

மகன் வந்துவிட்டான். அப்பாடா என்று உடம்பு தளர்ந்தது. இடது கை தானாகக் கம்பியை விட்டது. தலைக்கு மேலிருந்த கை தானாகத் திறக்கத் தொடங்கியது. சுண்டுவிரல். மோதிரவிரல். நடுவிரல். தோளில் இருந்த கை ஈரமாக இருந்தது. குழியில் நிற்கிறவன், ஈரமாகத்தானே இருப்பான். கண்ணாடியைப் பார்த்தார்.

அவர் தோளுக்குப் பின்னால் யாரும் இல்லை.

இடது கையால் வலது கையைப் பிடித்து இழுத்து இறக்கினார். சதை முறுக்கிக்கொண்டது. கரையில் காவலாளி ஸ்டூலை விட்டு எழுந்து, சக்கரத்தின்மேல் கை வைத்துவிட்டுத் தயங்கி நின்றார். சின்னவர் உற்சாகமாகத் தலையாட்டினார்.

கை மறுபடி மேலே போகப் பார்த்தது. இடுப்பில் வைத்தார், நழுவியது. அக்குளில் செருகினார், வெளியே வந்தது. அவருடைய கைதான். ஆனால் அது முப்பத்தொரு வருஷம் கம்பெனியிடம் வேலை பார்த்த கை. அவரிடம் வேலை பார்த்தது எவ்வளவு நாள்?

ஜன்னலுக்குக் குறுக்கே சிவப்பும் வெள்ளையுமாக ஒரு பிளாஸ்டிக் நாடா கட்டியிருந்தது. சாய்ந்து நிற்காதீர்கள் என்பதற்காக. நூற்றிருபது வருஷத்தில் கம்பெனி இந்த மாடியில் வாங்கிக் கட்டிய ஒரே பாதுகாப்பு. அதைப் பல்லால் கடித்து இழுத்தார். இரண்டு மணிக்கட்டையும் ஜன்னலின் அடிக்கம்பியோடு சேர்த்துச் சுற்றினார். ஒரு முனையைப் பல்லிலும் ஒரு முனையை விரலிலும் வைத்து, நெசவாளி முடிச்சுப் போட்டார். கண்ணை மூடிக்கொண்டு போடுகிற முடிச்சு. இழுக்க இழுக்க இறுகுமே தவிர அவிழாது.

கை தூக்கினால்தானே மதகு திறக்கும். இனி அவர் நினைத்தாலும் தூக்க முடியாது. மகன் வருவான். திட்டுவான். கத்தி வைத்து அறுத்துவிடுவான். அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்றுகூட அந்த நிமிஷம் தோன்றியது. முப்பத்து மூன்று வருஷத்தில் முதல் தடவையாக ஒரு காரியத்தைச் சரியாகச் செய்திருந்தார். புத்திசாலி. தன்மேல் அவருக்கே கொஞ்சம் மரியாதை வந்தது.

காலுக்குக் கீழே அதிர்வு நின்றது. வாசனை போயிற்று. கண்ணாடியில் வெள்ளைச் சுவர், பளபளக்கும் தரை, எட்டுப் பலகை. மூச்சை விட்டார். குனிந்து கம்பி வழியாகக் கீழே பார்த்தார். குழியின் வாயில் மூன்று விளக்குத் தொப்பிகள் அசைந்தன. ஒன்று நிமிர்ந்தது. மகன். ஏதோ சொன்னான், கேட்கவில்லை. பல் தெரிந்தது. அவரைத்தான் கேலி செய்கிறான்.

அவரும் சிரித்தார். பிறகு மதகைப் பார்த்தார்.

காவலாளி அவரைப் பார்க்கவில்லை.

மதகுக்குப் பக்கத்திலேயே இருக்கும் கடைசி ஜன்னலை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டினார்.

மேஸ்திரி கம்பிக்குள் முகத்தை அழுத்தி, வளைவைப் பார்த்தார்.

இருபத்திரண்டாவது ஜன்னலில் இரண்டு கைகள். கம்பிக்கு வெளியே நீண்டு, உள்ளங்கையைக் காட்டி, மேலே. இருபத்தொன்றாவதில் இரண்டு. இருபதில் இரண்டு. எல்லாவற்றிலும். முகம் இல்லை, கை மட்டும். தடித்த கை, ஒல்லிக் கை, இரண்டு விரல் குறைந்த கை. ஒரு ஜன்னலில் கைகள் அடிவிளிம்புக்கு மேல் சாண் அளவுதான் எட்டின. எட்டுப் பலகையில் எதிலும் எழுதாத வயது. எந்தக் கையிலும் கோபம் இல்லை. கோபம் இருந்தாலாவது ஏதாவது செய்யலாம். வேலைக்கு வந்த கைகள். முன்னால் உள்ளவர் காட்டியதை அடுத்தவருக்குக் காட்டுகிற கைகள். முப்பத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்த ஜன்னலில் அவர் தூக்கியது ஆளாளுக்கு மாறி மாறிப் போய், இப்போதுதான் கோடிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

ஓட்டு.

கரையில் சின்னவர் போனை ஒரு கைக்கு மாற்றினார். ஜன்னல் வரிசையைக் கோடிக்குக் கோடி பார்த்து, என்ன நினைத்தாரோ, வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். பிறகு அவரும், விளையாட்டாக, இரண்டு கையையும் தூக்கிக் காவலாளிக்குக் காட்டினார்.

காவலாளி குனிந்து சக்கரத்தைச் சுற்றினார்.

பொறு. மூடிய கை. அது மட்டும் போதும். மேஸ்திரி இரண்டு கையையும் மூடினார். இழுத்தார். முடிச்சு இறுகியது. தோளோடு சேர்த்து இழுத்தார். பிளாஸ்டிக் தோலுக்குள் போயிற்று. முடிச்சு இன்னும் இறுகியது. நல்ல முடிச்சு. கத்தினார். என்ன கத்தினார் என்று அவருக்கே கேட்கவில்லை. கீழே மகன் நிமிர்ந்து, காதுக்குப் பின்னால் கையை வைத்து, என்ன என்று கேட்டான்.

மதகுக்கு இந்தப் பக்கம் தண்ணீர் பழுப்பாகத் தலையைக் குனிந்து சுவருக்கடியில் நுழைந்தது.

இருபத்திரண்டாவது ஜன்னலில் கைகள் இறங்கின.

தறி ஓடத் தொடங்கிவிட்டால் இறக்க வேண்டியது முறை. இருபத்தொன்று இறங்கியது. இருபது. அவசரம் இல்லை. தண்ணீர் அடியில் வரவர, மேலே ஒவ்வொரு ஜோடியாக, மடித்து வைப்பது போல. பதினைந்து. பதினான்கு. அந்தச் சின்னக் கைகள். பதினொன்று. கீழே மகன் இன்னும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், காதில் கையோடு, அப்பா என்ன சொல்கிறார் என்று. எட்டு. ஏழு.

ஆறு.

ஐந்து.

பக்கத்து ஜன்னலில், எட்டித் தொடுகிற தூரத்தில், நீளமான விரல்கள் உள்ள இரண்டு கைகள் இன்னும் மேலேயே இருந்தன.